நிலவறையில் ஒரு கோடை

மே மாதம் பிறந்ததும் ரொறன்ரோவின் மளிகைக் கடை வாசல்களிலெல்லாம் பூங்கன்றுகளை அடுக்கிவிடுவார்கள். ஜெரேனியம், கல்வாழை, டாலியா, செவ்வரத்தை எல்லாம் வந்து இறங்கும். பெரும்பாலான சாடிகளில் ஒரு பிளாஸ்டிக் சீட்டுக் குத்தியிருக்கும். ஒரு பருவச் செடி என்று அதில் போட்டிருக்கும். அதை நம்பி வாங்குகிறவர்கள் ஒக்டோபரில் முதல் உறைபனி விழுந்ததும் வேரோடு பிடுங்கி, தோட்டக் கழிவுக்கான கடதாசிப் பையில் போட்டுத் தெருவோரம் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டு நடக்க எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. தென்னாபிரிக்காவில் ஜெரேனியம் ஆண்டுக்கணக்காக நின்று, அடித்தண்டு மரமாய்த் தடிக்கிற செடி. கல்வாழையை ஊரில் கிணற்றடியில் ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு யாரும் அதை வைக்க வேண்டியதில்லை. குளிர் தாங்காத பல்லாண்டுச் செடிகள் இவை. இவற்றை ஒரு பருவத்தோடு சாகவிடுவது வெறும் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு நியாயமும் கிடையாது.

இவற்றைப் பனிக்காலம் கடத்தி உயிரோடு கொண்டுபோகக் கண்ணாடி வீடு தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. அந்தச் செடி பிறந்த மண்ணில் எப்போது ஓய்வெடுத்தது, எப்படி ஓய்வெடுத்தது என்று தெரிந்திருந்தால் போதும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. மற்றவர் பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா.

அம்மா கனடாவுக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். சுன்னாகத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வைத்துப் பழகிய கை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவைக் கண்டதும் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தார். களிமண். "பசளை போட்டாச் சரிவரும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பாத்திக்கு இடம் குறித்தார். ஊரிலிருந்து ஒரு கன்றுகூடக் கொண்டுவர வழியில்லை. வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. ஆகவே அவருடைய முதல் கறிவேப்பிலை இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தமிழ் வீட்டிலிருந்து வந்தது. தாய்மரத்தின் வேரில் முளைத்த பக்கக்கன்றை அந்த வீட்டு அக்கா ஒரு தயிர் வாளியில் வைத்துத் தந்திருந்தார்.

கறிவேப்பிலை தேசி, தோடை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெக்கைக்குப் பழகியது. செப்டெம்பர் நடுப்பகுதியில் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கத் தொடங்கும்போதே அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். கஷ்டம் தொடங்குவது அதற்குப் பிறகு. டிசெம்பரில் பகல் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கும். இலை மஞ்சளித்துக் கொட்டும். யன்னல் வெயிலில் இலை விழித்திருக்க, குளிர்ந்த சீமெந்துத் தரையில் இருக்கும் சாடிக்குள் வேர் விறைத்துப்போயிருக்கும். மண் குளிர்ந்துவிட்டால் அந்த வேர் தண்ணீரை உறிஞ்சுவது மிகவும் குறைந்துவிடும். பார்க்கிறவர்கள் செடிக்குத் தாகம் என்று நினைத்து ஊற்றுவார்கள். உறிஞ்சப்படாத தண்ணீர் தேங்கி, வேர் அழுகும். தெரிந்தவர்கள் வீடுகளில் கறிவேப்பிலை செத்துப்போனதாகச் சொல்லக் கேட்ட கதைகளில் அநேகமானவை இப்படித்தான் முடிந்தன.

அம்மா மேல்மண்ணைப் பார்த்து ஏமாறுவதில்லை. சாடியை இரண்டு கையாலும் சற்றே தூக்கிப் பார்ப்பார். பாரமாக இருந்தால் தண்ணீர் இல்லை. சாடிக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, தரைக்கும் அதற்கும் இடைவெளி விட்டிருந்தார். சுடுகாற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளி, தெற்குப் பார்த்த யன்னலடியில்தான் அதன் இடம். இலை பாதி கொட்டினாலும் கவலைப்பட மாட்டார். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுவார். உள்ளே பச்சை தெரிந்தால் சரி. மார்ச் மாதம் வெயில் ஏறும்போது நுனியை வெட்டிவிடுவார். வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவிலிருந்து புதுத்தளிர் வெடிக்கும். தளிரைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மணந்து பார்ப்பார். அதன்பிறகுதான் மற்ற வேலை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவை எங்கள் பிள்ளைகள் நோனோ என்று கூப்பிடுவார்கள். இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலப்ரியாவிலிருந்து 1960களில் கட்டட வேலைக்கு வந்தவர். அவருடைய வளவில் வேலியோடு ஓர் அத்திமரம் நின்றது. ரொறன்ரோவில் பழைய இத்தாலியக் குடும்பங்கள் அத்தி வளர்க்கிற விதம் ஒரு தனிக்கலை. நவம்பரில் இலையெல்லாம் கொட்டிய பிறகு அவர் கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மரத்தின் ஒரு பக்கத்தில், அதன் நீளத்துக்கு ஒரு குழி வெட்டுவார். எதிர்ப்பக்கத்து வேர்களை மண்வெட்டியால் அறுப்பார். பிறகு தோளைக் கொடுத்து மரத்தை மெதுவாக அந்தக் குழிக்குள் சாய்ப்பார். மேலே பலகை, பலகைக்கு மேல் காய்ந்த இலை, பழைய கம்பளம், கடைசியாக வெட்டிய மண். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்திவிடுவார். செப்டெம்பரில் ஒரு தட்டு நிறையப் பழம் வேலிக்கு மேலால் வரும்.

வெளியே காற்று மைனஸ் 20 பாகைக்கு இறங்கும் இரவிலும் மண்ணுக்குக் கீழே அந்தக் கடுமை எட்டுவதில்லை. மண்ணே போர்வை. அதற்கு மேல் விழும் ஸ்நோ இன்னொரு போர்வை. இலை கொட்டிய அத்தி குளிரைக் கொஞ்சம் தாங்கும். கடும் உறைபனியில் கிளைதான் பட்டுப்போகும். அந்தக் கிளையைத்தான் நோனோ காப்பாற்றினார்.

அம்மா வேலியோரம் நின்று அந்த வேலையை முதன்முதல் பார்த்த நாள் நினைவிருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி கிடையாது. அவருடைய ஆங்கிலம் கட்டட வேலைக்கானது, அம்மாவின் ஆங்கிலம் பஸ் நிலையத்துக்கானது. அவர் சைகையால் விளக்கினார். அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "இந்த மரம் இலையைக் கொட்டிப்போட்டுத்தான் படுக்குது, பிள்ளை. எங்கடை கறிவேப்பிலைக்கு அந்தப் பழக்கம் இல்லை."

அதற்குப் பிறகு நான் எந்தச் செடியை வாங்கினாலும் முதலில் கேட்பது இதைத்தான். இது படுக்கத் தெரிந்த செடியா?

கார்த்திகைப்பூவின் கதை அப்படித்தான் தொடங்கியது. ஒரு வசந்தகாலத்தில் வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் கிழங்குப் பொதிகள் தொங்கிய பகுதியில் அம்மா நின்றுவிட்டார். பொதியின் படத்தை அவர் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்குக்குள் தெரிந்த கிழங்கின் வடிவத்தைப் பார்த்தார். விரல் தடிப்பில் இரண்டு கை, நடுவில் முடக்கு. "இது கார்த்திகைக் கிழங்கெல்லே!" பொதியில் நெதர்லாந்து என்று அச்சிட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் மழை தொடங்கியதும் கிளுவை வேலிக்குள்ளிருந்து தானாக ஏறிவருகிற கொடி, ஒல்லாந்தரின் தோட்டத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்திருந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பட்டியலிடும் பூக்களில் முதலாவதாக நிற்பது இந்தக் காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. சிம்பாப்வேயும் இதையே தன் தேசிய மலராக வைத்திருக்கிறது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மழைக்காலமும் வறட்சிக்காலமும் மாறிமாறி வருகிற நிலங்களே இதன் வீடு.

நடும்போது அம்மா ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. இந்தக் கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் கிடையாது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி முறிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே கிழங்கை நிமிர்த்திக் குத்தாமல் படுக்கவைத்து, மூன்று விரல் ஆழத்தில் மண்ணை மெல்லத் தூவி மூடுவார். மார்ச் கடைசியில் சாடியில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் மேலே, அடிச்சூடு படுகிற இடத்தில் வைப்போம். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கிளறிப் பார்க்கக்கூடாது. திடீரென்று ஒரு நாள் ஈட்டிமுனைபோல ஒரு தளிர் நிற்கும்.

மே 24ஐ ஒட்டிய நீண்ட வாரஇறுதிக்குப் பிறகு எல்லாச் சாடியும் வெளியே போகும். ரொறன்ரோவில் இனி உறைபனி வராது என்று தோட்டக்காரர்கள் நம்பும் நாள் அது. அப்போதும் எடுத்தவுடன் வெயிலில் வைக்க முடியாது. வீட்டுக்குள் விரிந்த இலை மங்கிய வெளிச்சத்துக்குப் பழகியது; நேர்வெயில் பட்டால் வெளிறித் திட்டுத்திட்டாகக் கருகும். முதலில் கராஜின் நிழற்பக்கம், பிறகு காலை வெயில், அதன்பிறகு முழு வெயில். ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் இந்த நடைக்கு அவசரம் ஆகாது.

கராஜ் சுவரில் வலை கட்டியிருந்தோம். கார்த்திகைக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையே நுனியில் நீண்டு மெலிந்து சுருண்டு, கிடைத்த கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். யூலைக் கடைசியில் மொட்டு. மொட்டு தலைகீழாகத் தொங்கும், பச்சை நிறத்தில். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே நிமிரும். ஓரமெல்லாம் நெளிநெளியாக அலை. முதல் நாள் பச்சைமஞ்சள், அடுத்த நாள் நுனி சிவக்கும், போகப்போக இதழ் முழுவதும் இரத்தச் சிவப்பாகும். ஒரே கொடியில் ஒரே நேரத்தில் எல்லா நிறமும் நிற்கும். சூலகத்தண்டு மாத்திரம் பூவின் நடுவிலிருந்து செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அம்மா கதிரை போட்டு அதற்கு முன்னால் இருப்பார். வெளியே ஓகஸ்ட் வெக்கை. அவர் பார்த்தது எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் வந்ததும் இலை நுனியிலிருந்து மஞ்சளித்தது. தண்ணீரும் உரமும் கொடுத்து இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அம்மா தண்ணீர்க் குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனி அதுக்குக் கோடை, பிள்ளை. தண்ணி விடாதை."

கனடாவில் தோட்டம் வைப்பதைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள சொல் வேறில்லை. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழை தையோடு ஓயும். மண் வெடிக்கும். கொடி காய்ந்து மறையும். கிழங்கு மண்ணுக்குள் வறட்சியைக் கழித்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதனுடைய ஓய்வு வெயிலிலிருந்து தப்ப எடுக்கும் ஓய்வு. பனி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. டாலியாவும் அப்படித்தான். மெக்சிக்கோ 1963இல் அதைத் தேசிய மலராக அறிவித்தது. அந்த நாட்டு மலைச்சரிவுகளில் மழை கோடையில் பெய்து, குளிர்காலம் வறண்டு கிடக்கும். கல்வாழை அமெரிக்க வெப்பநாடுகளில் பிறந்தது. இவையெல்லாம் கிழங்கில் சேமிப்பது வறட்சியைத் தாண்டத்தான். ஆகவே ரொறன்ரோ நிலவறையில் நாங்கள் அவற்றுக்குச் செய்து கொடுக்க வேண்டியது ஒரு கோடை: ஈரமில்லாத, வெளிச்சம் தேவையில்லாத, உறையாத சில மாதங்கள். குளிரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று மட்டும் நினைக்கிறவர்கள் கிழங்கை ஈரமண்ணோடு உள்ளே கொண்டுவந்து அழுகவிடுகிறார்கள். உலர விட வேண்டும் என்ற பாதி அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் இந்தக் கிழங்கு இல்லை. அவை படுக்க மாட்டா. யன்னலடியில் அரைத்தூக்கத்தில் வைத்திருக்கத்தான் வேண்டும். அத்தி இலையைக் கொட்டிவிட்டுக் குளிரிலேயே படுக்கும். இந்த மூன்று வகையையும் பிரித்துவிட்டால் எந்தப் புதுச்செடி வந்தாலும் அதன் இடம் யன்னலா, நிலவறையா, குழியா என்று தெரிந்துவிடும்.

கனடாவின் குளிர்வலய வரைபடம் முதலில் 1967இல் வெளிவந்தது. பனிக்காலக் கடுங்குளிரோடு உறைபனி இல்லாத நாட்கள், மழை, ஸ்நோவின் ஆழம், காற்று என்று ஏழு கூறுகளைக் கணக்கில் எடுத்து ஊருக்கு ஊர் ஓர் எண் கொடுத்தார்கள். ரொறன்ரோ 6, 7 என்ற எண்களுக்குள் வரும். மரமோ பூண்டோ வாங்கும்போது அந்த எண் உதவும். ஆனால் அது வெளியே நின்று பனியை ஏற்கும் செடிக்கான எண். வெப்பநாட்டுச் செடியின் உயிரை அது ஒருபோதும் சொல்லாது. மேப்பிள் மரம் பகல் சுருங்குவதைக் கண்டே உடம்பைத் தயாராக்கத் தொடங்கும். கலங்களில் சர்க்கரை சேர்க்கும், கலங்களைச் சுற்றியுள்ள மென்சவ்வின் கொழுப்பை மாற்றும். கறிவேப்பிலைக்கு அந்த வித்தை தெரியாது. அதன் மென்சவ்வுக் கொழுப்பு, ரொறன்ரோக் குசினியில் போத்தலுக்குள் கட்டிபட்டுப்போகும் தேங்காயெண்ணெய் மாதிரி, உறைநிலைக்கு வெகு முன்னரே இறுகத் தொடங்கிவிடும். வருடாவருடம் கொஞ்சங்கொஞ்சமாகக் குளிர் காட்டினால் பழகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு தனிச்செடியின் ஆயுளுக்குள் அப்படிப் பழகுவது நடக்காது. அந்த நம்பிக்கையை விட்டுவிடுவது செடிக்கு நல்லது.

முதல் உறைபனி இரவுக்கு அம்மா வானொலியைவிட வானத்தை நம்புவார். முகில் இல்லாமல், காற்று அசையாமல், நட்சத்திரம் துலக்கமாகத் தெரிகிற மாலை வந்தால் ஆபத்து. பகலில் நிலம் வாங்கிய சூடு இரவில் வானத்துக்கே போய்விடும். முகில் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பிவரும். காற்று இருந்தால் மேலே நிற்கும் வெதுவெதுப்பைக் கலக்கிக் கீழே கொண்டுவரும். இரண்டும் இல்லாத இரவில் அம்மாவின் பழைய நூல்சேலைகள் வெளியே வரும். டாலியாக்களுக்கு மேலாகத் தடி நட்டு, சேலையைத் தரை தொடும்படி விரித்துக் கல் வைப்போம். மண்ணின் சூடு உள்ளே தங்க வேண்டும், அதற்காகத்தான் தரைவரை. பொலித்தீன் கூடாது, அது இலையில் ஒட்டிய இடமெல்லாம் குளிர் நேராக இறங்கும். அப்படி மூடினால், அந்த ஓரிரு இரவுகளைத் தாண்டிய பின் மறுபடியும் வருகிற மிதமான வெயிலில் இன்னும் சில கிழமைகள் டாலியா பூக்கும். வருடத்தின் மிகப் பெரிய பூக்கள் எங்கள் வளவில் அந்தக் கிழமைகளில்தான் வந்திருக்கின்றன.

பிறகு ஒரு இரவு சேலைக்கும் அடங்காது. காலையில் டாலியா இலைகள் தண்ணீர் ஊறியவை மாதிரிக் கறுத்துத் தொங்கும். கலங்களுக்கு இடையில் பனிக்கட்டி விளைந்து, கலத்துக்குள் இருந்த தண்ணீரை இழுத்துவிட்டதன் அடையாளம் அது. நான் உடனே தோண்டுவதில்லை. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு கிழமை அப்படியே மண்ணில் விடுவேன். கிழங்கின் தோல் தடித்து, அடித்தண்டில் கண் புடைத்துத் தெரியத் தொடங்கும். டாலியாவின் கண் கிழங்கில் இல்லை, கிழங்கு தண்டோடு சேரும் கழுத்தில் இருக்கிறது. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. முள்ளுமண்வெட்டியைத் தூரத்தில் குத்தி, மண்ணோடு தூக்கி, கழுவி, கராஜில் ஒன்றிரண்டு நாள் உலரவிட்டு, மரத்தூளில் புதைத்துப் பெட்டியில் வைப்பேன். 5 முதல் 10 பாகை வரை நிற்கிற நிலவறை மூலை அதற்குப் பொருத்தம். கார்த்திகைக் கிழங்குக்கு இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், அது மேல்தட்டில்.

கார்த்திகையைத் தோண்டும்போது ஒவ்வொரு வருடமும் நான் நின்று பார்க்கிற ஒன்று உண்டு. நட்ட கிழங்கு அங்கே இருக்காது. வெறும் தோலாகச் சுருங்கியிருக்கும். அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு கை நீட்டிய கிழங்கு, பால்வெள்ளையாகக் கிடக்கும். பழையது முழுவதும் கொடியாகவும் பூவாகவும் போய், கொடி திரும்பவும் இதைச் செய்துவைத்திருக்கிறது.

அந்தப் பெட்டியின் மேல் அம்மா சிவப்பு மையால் தமிழில் 'நஞ்சு' என்று எழுதி, அதற்குக் கீழே பேரப்பிள்ளைகளைக் கொண்டு ஆங்கிலத்திலும் எழுதுவித்திருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கார்த்திகைச் செடி முழுவதும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும்தான். வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். அதே கொல்சிசின் அளவோடு மூட்டுவாத மருந்தாகிறது. அதற்காகத் தமிழ்நாட்டில் விதைக்கென்று இதைப் பயிர் செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகளும் நாய் பூனைகளும் உள்ள வீட்டில் இதை வைப்பதென்றால் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், தோண்டுகிறவருக்குக் கையுறை வேண்டும்.

மல்லிகையின் பாடு வேறு. வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்கினால் காற்றின் ஈரம் வற்றிவிடும். அந்த வறட்சிக்குச் சிலந்திப்பேன் வரும். கண்ணுக்குத் தெரியாது, இலையின் மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள், கணுவில் தூசிபடிந்த மெல்லிய வலை. கண்டவுடன் சாடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஒரு கிழமை கழித்து மறுபடியும். முட்டை பொரிப்பதற்கு இடம் கொடுக்கக்கூடாது. மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால் வசந்தத்தில் துணிந்து வெட்டலாம். அம்மாவின் ஒரு மல்லிகை இப்படிப் பல பனிக்காலம் கண்டது. யூன் மாத மாலைகளில் அதன் பூவைச் சுவாமிப்படத்துக்கு வைத்துவிட்டு, மிஞ்சியதை ஒரு சின்னக் கிண்ணத்தில் நோனோவின் மனைவிக்குக் கொடுத்தனுப்புவார்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் தோடைமரங்களுக்கென்று ஒரு மாளிகையே கட்டினார்கள். பெட்டிகளில் வளரும் மரங்களை ஒக்டோபரில் உள்ளே கொண்டுபோய் மே மாதம் வெளியே எடுப்பது அங்கே இன்றும் நடக்கிறது. ரொறன்ரோவிலும் அலன் தோட்டத்தில் 1910இல் கட்டிய பனைமண்டபம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தை மாதக் கடுங்குளிரில் அம்மாவை அங்கே கூட்டிப்போவேன். கதவு திறந்ததும் கண்ணாடி புகையும். ஈரமண்ணும் இலையும் சேர்ந்த வாசனை வரும். அம்மா கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வாழைக்குப் பக்கத்தில் போய் நிற்பார், காய்ந்த சருகு ஒன்றைக் கண்டால் கழற்றக் கை போகும். கனடாவில் பனிக்காலம் கழிக்கும் எந்த முதியவருக்கும் நான் முதலில் சொல்லும் இடம் அது.

நவம்பர்தான் அவருக்குக் கடினமான மாதம். அவருடைய கடைசித் தம்பி ஊரில் நடந்த போரிலிருந்து திரும்பவில்லை. போரில் இறந்தவர்களுக்காக அந்த மாதம் நடக்கும் நினைவு நிகழ்வுகளுக்கு வருகிறவர்கள் உடுப்பில் கார்த்திகைப்பூவின் படத்தைக் குத்தியிருப்பார்கள். வீட்டில் பூவின் கிழங்கு இருக்கிறது, பூ இல்லை. கிழங்கைக் குளிர்ச்சியாக வைத்திருந்து நடும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் வேண்டிய மாதத்தில் பூக்கவைக்கலாம் என்று வாசித்திருந்தேன். ஜப்பானில் கொச்சி மாகாணத்துத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீடுகளில் வருடம் முழுவதும் இதை வெட்டுப்பூவாக வளர்க்கிறார்கள். ஒரு வருடம் ஒரேயொரு கிழங்கை நிலவறையிலேயே தாமதப்படுத்தி, கோடை நடுவில் சாடியில் நட்டு, செப்டெம்பரில் விளக்குக்கு அடியில் கொண்டுபோனேன். நவம்பர் கடைசியில் இரண்டு பூ விரிந்தது. சிவப்பு அவ்வளவு ஏறவில்லை. அம்மா ஒன்றைத் தம்பியின் படத்துக்கு வைத்தார். மற்றதைக் கொடியிலேயே விட்டுவைத்தார். வசந்தத்தில் அந்தச் சாடியைக் கொட்டியபோது கிழங்கு சுண்டுவிரலளவுக்குத்தான் இருந்தது.

"இனி இப்பிடிச் செய்யாதை" என்றார். "ஓகஸ்டிலை பூக்கட்டும். நான் அப்பவே அவனை நினைச்சுக்கொள்ளுறன்."

அதிலிருந்து ஓகஸ்ட் மாதம் படத்துக்குப் பூ உண்டு.

நோனோவால் இப்போது குழி வெட்ட முடியாது. என் மகனும் அவருடைய பேரனும் வெட்டுகிறார்கள். அவர் கதிரையில் இருந்து எந்த வேரை அறுக்கலாம், எதை விட வேண்டும் என்று தடியால் காட்டுகிறார். எங்கள் நிலவறைப் பெட்டிகளோ பெருகிவிட்டன. ஏப்ரலில் மார்க்கத்திலிருந்தும் அஜாக்ஸிலிருந்தும் கிழங்கு கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அம்மா சும்மா கொடுத்துவிடுவதில்லை. கட்டிலில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? நிலவறையில் சூடாக்கி எந்தப் பக்கம்? தோண்டி எடுத்தால் எங்கே வைப்பீர்கள்? சூடாக்கிக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்று போன வருடம் ஒரு தம்பி சொன்னார். அம்மா கிழங்கைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "நீங்கள் பூவைப் பறிக்க ஓகஸ்டிலை வாங்கோ, தம்பி. கிழங்கு இஞ்சையே படுக்கட்டும்" என்று சொல்லி, அவர் கையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொடுத்தனுப்பினார், சாடிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டோடு.